புயலில் செத்த உள்ளானையும் அளக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வலசைப் பறவைகளும் கடும் வானிலையும் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். உடல் சிறிதானால் சாவு, பெரிதானால் பிழைப்பு என்ற எண்ணத்தை அது தந்துவிடுகிறது. குளிர் நாடுகளுக்கு இது பெரும்பாலும் சரி. சின்ன உடலில் சூடும் சீக்கிரம் போகும், கொழுப்பும் சீக்கிரம் தீரும். 1996 மே மாதம் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஆறு நாள் குளிரில் பூச்சிகள் பறக்காமல் போனபோது தகைவிலான்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. தப்பியவற்றில் பெரிய உடல்காரர்களே அதிகம்.

ஆனால் கோடியக்கரையில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் ஆழத்தை. சேற்றில் மேயும் சிறு கரைப்பறவையான கொசு உள்ளானின் எடை 20 முதல் 30 கிராம், கணுக்காலின் (விரல்களுக்கு மேலுள்ள கால் பகுதியின்) நீளம் 2 செ.மீ. சொச்சம். நீர் 3 செ.மீ.க்கு மேல் ஏறிவிட்டால் அதனால் நின்று மேய முடியாது. வளைமூக்கு உள்ளானுக்கு இன்னும் ஒன்றிரண்டு செ.மீ. தாங்கும். பூநாரைக்கு நம் முழங்காலளவு தண்ணீர்கூடப் பொருட்டில்லை. கார்த்திகை அடைமழையில் வாய்க்கால்களெல்லாம் வடிந்து வேதாரண்யம் சதுப்பில் ஒரு சாண் நீர் ஏறினாலே சேற்றுத்திட்டுகள் மறைந்துவிடும். பிறகு உப்பள வரப்பும் சம்பா வயலோரமும்தான் கதி. அங்கே இடமும் குறைவு, இரையும் குறைவு. சைபீரியத் தூந்திரத்திலிருந்து வந்து சேர்ந்த களைப்பு ஒரு பக்கம் என்றால், வளர்ந்த பறவைகள் சிறகை உதிர்த்துப் புதுச் சிறகு முளைக்கவிடும் காலமும் அதுதான். கஜா புயல் கரை கடந்ததும் அந்தக் காலத்தில்தான், 2018 நவம்பர் 16. சித்திரையில், ஊர் திரும்புமுன், அதே பறவையின் உடம்பில் கொழுப்பு ஏறியிருக்கும்.

அலகின் நீளமும் உயிர் விஷயம்தான். ஆர்க்டிக்கில் பனி முன்கூட்டியே உருகுவதால், ரெட் நாட் என்ற உள்ளானின் குஞ்சுகளுக்குப் பூச்சி கிடைக்கும் காலம் தப்பிப்போகிறது. அவை சின்ன உடலோடும் குட்டை அலகோடும் வளர்கின்றன. குளிர்காலத்தைக் கழிக்க ஆப்பிரிக்காவின் மௌரித்தேனியா கரைக்குப் போனால், சேற்றில் ஆழப் புதைந்த சிப்பி அந்த அலகுக்கு எட்டுவதில்லை. அவற்றில் பிழைப்பவை குறைவு என்கிறது 2016இல் வந்த ஆய்வு. வடக்கே நேர்ந்த குறைக்கு வெப்பமண்டலக் கரையில் உயிர் போகிறது. நம் கரையும் அப்படிப்பட்டதுதான் என்பதால் இதைச் சொல்கிறோம்.

புயல் ஓய்ந்ததும் இத்தனை பறவைகள் செத்தன என்று செய்தி வருகிறது. எந்த இனம், எந்த அளவு என்று யாரும் எழுதுவதில்லை. 1898இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பனிப்புயலில் விழுந்த 136 சிட்டுக்குருவிகளை பம்பஸ் என்ற விலங்கியலாளர் ஒவ்வொன்றாக அளந்தார். 72 பிழைத்தன, 64 செத்தன. இரண்டு பட்டியலும் இருந்ததால்தான் அந்த அளவுகளை இன்றும் ஆராய்கிறார்கள். செத்ததை மட்டும் அளந்தால் பிழைத்தது எப்படிப்பட்டது என்று தெரியவே தெரியாது.

அளப்பதில் தவறு வரும் இடங்கள் உண்டு. செத்த பறவையின் எடையை நம்பக் கூடாது. நனைந்த இறகு எடையைக் கூட்டும், வெயிலில் உடல் காய்ந்தால் எடை குறையும். சிறகு உதிரும் பருவத்தில் சிறகின் நீளமும் பயன்படாது. நம்பத்தக்கவை அலகும் கணுக்காலும்தான். வெர்னியர் அளவியால் மி.மீ. கணக்கில் எடுக்கலாம். வளைமூக்கு உள்ளானில் பெட்டைக்கு அலகு நீளம் என்பதால் ஆண், பெண்ணைக் கலந்து சராசரி போட்டால் முடிவு பிசகும். உயிருள்ள பறவையானால் கழுத்துக் குழியில் இறகை ஊதி விலக்கினால் மஞ்சள் கொழுப்பு தெரியும். அது வற்றி, மார்பெலும்பு கத்திமுனைபோல் துருத்தியிருந்தால் பறவை பட்டினி கிடந்திருக்கிறது.

இவையெல்லாம் வனத்துறை அனுமதியோடு, பயிற்சி உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. பொதுமக்கள் செத்த பறவையை வெறுங்கையால் தொட வேண்டாம். பறவைக் காய்ச்சல் அபாயம் உண்டு. சோர்ந்து கிடக்கும் பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குத் தகவல் சொன்னால் போதும். காலில் உலோக வளையம் இருந்தால் அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் அப்படியே குறித்து, கண்ட இடம், தேதியுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பறவை நோக்கர்கள்,
வேதாரண்யம்.