நாயும் ஆடும் ஈரலில் வளரும் நீர்க்கட்டியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து செம்மறிகளைக் கடித்துக் குதறுவதையும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடுவதையும் செய்திகளில் படித்து வருகிறோம். செத்த ஆட்டுக்கு உரிய விலை கிடைக்க வேண்டும் என்பதில், கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கணக்கெடுத்துப் படம் பிடித்து முடிந்த பிறகு அந்த ஆடுகள் எங்கே போகின்றன என்று எவரும் கேட்பதில்லை. என் கண்ணில் பட்டவரை, அவற்றில் பல ஓடைக்கரையில் வீசப்படுகின்றன. இருட்டியதும் அதே நாய்கள் வந்து வயிற்றைக் கிழித்து, முதலில் ஈரலையும் நுரையீரலையும் தின்கின்றன. அங்கேதான் இன்னொரு கதை தொடங்குகிறது.

எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழு நாயின் சிறுகுடலில் வாழ்வது. நாடாப்புழு என்றதும் முழக்கணக்கில் நீளமானதை நினைக்க வேண்டாம். இது 2 முதல் 7 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். ஒரு நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருந்தாலும் அந்த நாய் மெலிவதில்லை, சோர்வதில்லை, வாலாட்டுவதையும் நிறுத்துவதில்லை. புழுவின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிவந்து, கொறங்காடு என்னும் வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தின் கொழுக்கட்டைப் புல்லிலும், தண்ணீர்த் தொட்டியிலும், நாயின் மயிரிலும் ஒட்டிக்கொள்கின்றன. மேயும் ஆடு அவற்றை விழுங்கினால், முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு ஈரலுக்கோ நுரையீரலுக்கோ சென்று நீர்க்கட்டியாக வளர்கிறது. அந்தக் கட்டிக்குள் இருப்பவை அடுத்த தலைமுறைப் புழுத்தலைகள். அவை நாயின் வயிற்றுக்குள் போனால் ஏறத்தாழ ஆறு வாரங்களில் முட்டையிடும் புழுக்களாகிவிடும். ஆட்டின் கட்டியை நாய்க்குக் கொடுத்தால் நாடாப்புழு உண்டாகிறது என்பதை ஜெர்மானிய விலங்கியலாளர் ஸீபோல்டு 1853-இலேயே காட்டிவிட்டார்.

ஒட்டுண்ணிக்கு இடமளிக்கும் உயிரைப் பாடநூல்கள் ‘விருந்தோம்பி’ என்கின்றன. வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பாத நம் பக்கத்துக் காதுக்கு, அழையாமல் நுழைந்து உள்ளிருந்தே தின்னும் ஒன்றுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது சற்று நெருடத்தான் செய்யும். புழு முதிர்ந்து இனம்பெருக்கும் நாய் அதன் முதல்நிலை விருந்தோம்பி. புழுவின் இளம்பருவம் கழியும் ஆடு இடைநிலை விருந்தோம்பி. இந்த இரண்டு உறவுகளும் ஒரே தன்மை உடையவை அல்ல. நாய் நலமாக ஊர் சுற்றினால்தான் முட்டைகள் பரவும் என்பதால், நாயைக் கெடுப்பதால் புழுவுக்கு ஆதாயம் இல்லை. ஆடோ செத்து நாயின் வாய்க்குப் போனால்தான் புழுவின் வாழ்க்கை தொடரும். ஆகவே ஆடு நலிவதால் அதற்கு நட்டமும் இல்லை. உடலுக்கு வெளியே ஒட்டும் உண்ணியை நாம் உடனே பிடுங்கி எறிகிறோம். உள்ளே இருப்பதோ, ஆட்டை அறுக்கும்போதுதான் கண்ணில் படுகிறது.

மனிதன் இந்தச் சுழற்சியில் வழிதவறி அகப்பட்டவன். நம் ஈரலை நாய்க்குப் போடுவோர் இல்லையாதலால், நமக்குள் வந்த புழுவுக்கு அதற்கப்பால் வழியில்லை. அதற்கு வழியில்லை என்பது நமக்கு ஆறுதல் ஆகாது. கட்டி ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் பெருத்துக்கொண்டே இருக்கும். என் கொழுந்தியாளுக்கு வலது விலாவுக்குக் கீழே கனமாக இருந்ததை வாய்வு என்று எண்ணி இரண்டு ஆண்டுகள் மருந்து கொடுத்தார்கள். பிறகு கோவையில் ஸ்கேன் எடுத்தபோது, ஈரலில் தேங்காய் அளவுக்கு நீர்க்கட்டி இருந்தது. வீட்டில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “கறியே தொடாதவளுக்கு இது எப்படி வந்தது?” என்பதுதான்.

இந்தக் கேள்விக்குள் இருக்கும் தவறான எண்ணத்தைத் திருத்தவே இவ்வளவும் எழுதுகிறேன். கட்டியுள்ள ஆட்டுக்கறியைத் தின்பதால் மனிதருக்கு இந்த நோய் வருவதில்லை; நாயின் மலத்திலிருந்து வரும் முட்டை வாய்க்குள் போனால்தான் வரும். நாயைத் தடவிய கையோடு சோறு உண்பதும், தோட்டத்துக் கீரையைக் கழுவாமல் சமையலுக்கு முன் வாயில் போடுவதும் போதும். சைவமா அசைவமா என்று அந்த முட்டை பார்ப்பதில்லை. பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் ஒரு அல்பெண்டசோல் மாத்திரை இந்தக் கட்டிக்குப் போதாது. அதே மருந்தை மருத்துவர் கண்காணிப்பில் மாதக்கணக்கில் உட்கொள்ள வேண்டியிருக்கும். பலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். கட்டி உள்ளேயே உடைந்து நீர் கசிந்தால் உடல் கடுமையான ஒவ்வாமையால் அதிர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், கட்டியை அமுக்கித் தேய்த்து எண்ணெய் நீவுவது கூடவே கூடாது.

இதை ஒழிக்க முடியாது என்று சொல்வோருக்கு ஐஸ்லாந்தைக் காட்டலாம். 19-ஆம் நூற்றாண்டில் இந்நோய் மிகுந்திருந்த அந்தத் தீவில், நாய்க்குப் பச்சை ஈரல் போடக் கூடாது என்பதை விளக்கும் சிறு நூல் 1864-இல் வீடுதோறும் வழங்கப்பட்டது. சில ஆண்டுகளில் சட்டமும் வந்தது. ஆடு மேய்ப்பதையே பெருந்தொழிலாகக் கொண்ட நியூசிலாந்தும் பல பத்தாண்டுகள் உழைத்து இந்நோயை விரட்டியது. இரண்டு நாடுகளும் ஆட்டையோ நாயையோ ஒழிக்கவில்லை. நாயின் வாய்க்கும் ஆட்டின் ஈரலுக்கும் இடையே இருந்த வழியைத்தான் அடைத்தன.

நம் பக்கத்தில் அந்த வழி அகலமாகத் திறந்து கிடக்கிறது. குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டும் நாளில், கட்டியுள்ள ஈரலைச் சமையற்காரர் சரியாகவே ஒதுக்கிவிடுகிறார். ஆனால் அது பந்திக்கு வெளியே காத்திருக்கும் நாய்க்குத்தான் போகிறது. வயதான ஆடுகளின் கட்டிகளே பெரும்பாலும் புழுத்தலைகள் நிறைந்தவை என்பதால், சினை நின்றுபோன கிழ ஆட்டை அறுக்கும்போது இதில் கூடுதல் கவனம் வேண்டும். கட்டியுள்ள உறுப்புகளை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க வைத்தோ, நாய் தோண்டியெடுக்க முடியாத ஆழத்தில் புதைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும். பட்டிக் காவலுக்கு நாய் வளர்ப்போர், கால்நடை மருத்துவரிடம் கேட்டு ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிராசிகுவாண்டெல் என்னும் நாடாப்புழு மருந்தைக் கொடுப்பது நல்லது. அந்த மருந்து புழுவைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது. ஆகவே மருந்து கொடுத்த இரண்டு நாள்கள் நாயைக் கட்டிவைத்து, அதன் மலத்தை அள்ளிப் புதைக்க வேண்டும்.

இழப்பீட்டுக் கோரிக்கையோடு இன்னொன்றையும் விவசாயிகள் சங்கங்கள் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். நாய் கடித்து இறந்த ஆடுகளைப் புதைக்க ஒவ்வோர் ஊராட்சியிலும் வேலியிட்ட இடமும், குழி தோண்ட ஆளும் ஏற்பாடு செய்யப்பட வேண்டும். கணக்கெடுக்க வரும் அலுவலர், ஆடு புதைக்கப்பட்டதை நேரில் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
வெள்ளக்கோவில், திருப்பூர் மாவட்டம்.