தேதியைச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்

கட்டமைப்பு மேலாண்மை மென்பொருள் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பல கணினிகளின் அமைப்பை ஒரே சீராக வைத்திருக்கும் உங்கள் மென்பொருளின் அடுத்த பதிப்பிலிருந்து, அதைக் கணினியில் ஏற்ற உதவும் நிறுவல் பொதிகள் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய பொதுக் களஞ்சியத்தில் இருக்காது, சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் என்று அறிவித்திருக்கிறீர்கள். மூலநிரல், அதாவது மென்பொருளை எழுதிய நிரல் வரிகள், திறந்தே இருக்கும் என்கிறீர்கள். கணினிகள் குறைவாக உள்ள இடங்களுக்கு இலவச உரிமமும் உண்டாம். எல்லாம் சரி, எந்த நாளிலிருந்து? ‘வரும் மாதங்களில்’ என்பதைத் தவிர அறிவிப்பில் ஒன்றும் இல்லை. காசு கேட்கிறீர்களே என்று நான் எழுதவில்லை. உழைத்தவன் கூலி கேட்பது நியாயம். நாள் குறிக்காமல் பூட்டப்போகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

வாளையார் எல்லையைக் கடந்து பாலக்காட்டுப் பக்கம் வந்தால் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. இங்கே ஒரு தொழிற்சாலையில் கணினிப் பிரிவு என் பொறுப்பு. கோயம்புத்தூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர்கள், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்கள், பாலக்காட்டு மலையாளிகள் என்று எல்லோரும் ஒரே கணக்கறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். அங்குள்ள ஒவ்வொரு கணினியிலும் ஆங்கிலம், மலையாளம், தமிழ்99 ஆகிய மூன்று விசைப்பலகைகளும் இருந்தாக வேண்டும். எடைமேடைக் கணினியில் ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் யாராவது ஒருவர் பிரிண்டரை மாற்றிவிட்டுப் போய்விடுவார். அரை மணிக்கு ஒருமுறை, கணினிக்குள் இருக்கும் உங்கள் ஏஜென்ட் என்ற சிறு நிரல் விழித்து, இருக்க வேண்டிய நிலையையும் இருக்கிற நிலையையும் ஒப்பிட்டு, யாரிடமும் சொல்லாமல் பழையபடி ஆக்கிவிடுகிறது. எடைச் சீட்டுக்காகக் காத்து நிற்கும் லாரி டிரைவருக்கு உங்கள் பெயர் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஐப்பசி மாதம் இந்தப் பக்கம் மாலை மழை இடியோடுதான் வரும். ஒரு நல்ல இடிக்குக் கணினிகள் சில போய்விடும். அடுத்த நாள் காலை மாற்றுக் கணினியை வைத்துக் கம்பியைச் செருகினால், அது உங்கள் களஞ்சியத்தின் முகவரிக்குப் போய் ஏஜென்டை இறக்கிக்கொண்டு, மதியத்துக்குள் பழைய கணினியின் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும். அந்த முகவரி எங்கள் நிறுவல் ஸ்கிரிப்டில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் பூட்டினால், எங்களுக்கு அது தெரியவருவது அப்படி ஒரு காலையில்தான். ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் எதையும் காட்டிக்கொடுக்காது. அவை பழைய பதிப்போடு, பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராமல் ஓடிக்கொண்டே இருக்கும். கணினியில் எதையும் மாற்றக்கூடிய ரூட் உரிமையோடு இயங்கும் நிரலுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வழியில் உங்களுக்கு முன்னே போனவர்கள் உண்டு. 2019 ஏப்ரலில், உங்களைப் போலவே கட்டமைப்பு மேலாண்மை மென்பொருள் தரும் செஃப் நிறுவனம் தன் மூலநிரல் முழுவதையும் திறந்துவிட்டு, தன் பெயரில் வரும் நிறுவல் கோப்புகளை வணிக நோக்கில் பயன்படுத்தக் கட்டண உரிமம் வேண்டும் என்றது. சிங்க் என்ற பெயரில் சமூகத்தார் அதே நிரலிலிருந்து இலவசப் பொதிகளைக் கட்டித்தர ஆரம்பித்தார்கள். 2022இல் பெர்ஃபோர்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போன, இதே வகை மென்பொருளான பப்பெட், 2024 நவம்பரில் புதிய பொதிகளைப் பொதுவில் கிடைக்காத தனியிடத்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. சில மாதங்களுக்குள், பப்பெட் பயனர்களின் சமூகமான வாக்ஸ் புபுலி குழு அதே நிரலிலிருந்து ஓப்பன்வாக்ஸ் என்ற இலவச மாற்றைக் கொண்டுவந்துவிட்டது. சென்ட்ஓஎஸ் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தின் கதை இன்னும் மோசம். 8ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பியிருந்தவர்களிடம் 2020 டிசம்பரில், அடுத்த ஆண்டு இறுதியோடு சரி என்றார்கள். அங்கிருந்து கிளம்பியவர்களுக்கு ஆல்மா, ராக்கி என்ற புதிய லினக்ஸ் இயங்குதளங்கள் இடம் கொடுத்தன.

மூலநிரல் இருக்கிறதே, அதிலிருந்து பொதிகளை நீங்களே கட்டிக்கொள்ளலாமே என்பீர்கள். கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸில் கணினி பழகி வந்த பிள்ளைகள்தான் என் பிரிவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதில் பயமே கிடையாது. ஆனால் ஒருமுறை கட்டுவதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு திருத்தம் வரும்போதும் கட்ட வேண்டும், பொதி நம்முடையதுதான் என்று மின்னணுக் கையொப்பமிட வேண்டும், சோதித்துப் பார்க்க வேண்டும். இருக்கிற நாலு பேரில் ஒருவருக்கு அதுவே முழுநேர வேலையாகிவிடும். (இலவச உரிமத்தின் எல்லைக்குள் நாங்கள் அடங்க மாட்டோம். எடைமேடை, கேட், கிடங்கு என்று சேர்த்தாலே தாண்டிவிடும்.)

ஆகவே கேட்கிறேன். பூட்டும் நாளை ஆறு மாதம் முன்கூட்டி அறிவியுங்கள். அந்த நாள் ஓணத்திலோ பொங்கலிலோ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது எல்லையின் இரு புறமும் ஆள் கிடைக்காது. இதுவரை வெளியிட்ட பழைய பொதிகளை இருந்த இடத்திலேயே விட்டுவையுங்கள். அவற்றைப் பூட்டி உங்களுக்கு ஒரு காசும் வரப்போவதில்லை. இப்போதைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவரை வரும் என்பதை மாதமும் ஆண்டும் போட்டு எழுதுங்கள். சந்தா விலையை ‘விற்பனைப் பிரிவைத் தொடர்புகொள்ளவும்’ என்று மூடி வைக்காமல் வெளியிடுங்கள். டாலரில் இருந்தாலும் பரவாயில்லை, பெருக்கிக்கொள்கிறோம்.

எங்கள் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான செலவுத் திட்டத்தை நான் பிப்ரவரி முதல் வாரத்தில் மேலாளரிடம் கொடுத்துவிட வேண்டும். இடையில் போய்ப் பணம் கேட்டால் ஒரு வரிக்கே ஆயிரம் கேள்வி வரும். அதற்குள் உங்கள் தேதியும் விலையும் வந்துவிட்டால் சந்தாத் தொகையை எழுதுவேன். வராவிட்டால் அதே வரியில், சமூகத்தார் கட்டித்தரும் பொதிகளுக்கு மாறுவதற்கான ஆள்செலவை எழுதுவேன்.

இப்படிக்கு,
கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு கணினி நிர்வாகி