மூன்று வினாடி

ரங்கூன்

பிரியமுள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பயம். 2009-ல் வியாசர்பாடிக்கு வந்திருந்தபோது உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆத்தா பேசியதை எல்லாம் ரெக்கார்டரில் எடுத்தேன் அல்லவா? அது இருந்த ஹார்ட் டிஸ்க் சித்திரையில் பழுதாகிவிட்டது. ஆத்தாவும் இல்லாத இந்த நாளில், குரலையும் தொலைத்துவிட்டேன் என்று உனக்கு எப்படி எழுதுவது? இப்போது கிடைத்துவிட்டது. முழுதாக இல்லை, ஆனால் கிடைத்துவிட்டது.

இங்கே கரண்ட் வருவதும் போவதும் உனக்குத் தெரிந்ததுதான். அன்று படங்களை நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது போய், வந்து, உடனே மறுபடி போனது. பிறகு கம்ப்யூட்டரைப் போட்டால் அந்த டிஸ்க் திறக்கவில்லை; ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. உள்ளே மெல்லிய டிக், டிக் சத்தம். முதலில் போன கடையில், ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். டிஸ்க் சரியாகும், அதில் இருப்பது? எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள் என்று வேறொருவர் சொன்னார். இந்த மழைக்காலத்து ஈரத்தில் வெளியே எடுத்தவுடன் உள்ளே சுழலும் தட்டெல்லாம் வேர்த்திருக்கும்.

கடைசியில் நம் பிள்ளைகளில் ஒருவன், பழுது பார்க்கிறவன், கைகொடுத்தான். அவன் முதலில் சொன்னது, "ஐயா, இனி இதுக்குக் கரண்டே கொடுக்காதீங்க." சுழலும் தட்டுக்கு மேலே படிக்கும் முனை மிதக்கிறதாம், இடைவெளி தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது தட்டைத் தொட்டால் சுரண்டிவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு முறை சுழலவிடுவதும் சூதாட்டம். டிஸ்க்கைத் திறப்பதென்றால் தூசியே இல்லாத அறை வேண்டும், அது நம் கையில் இல்லை. நல்ல வேளை, சத்தம் வந்தாலும் டிஸ்க் இன்னும் படித்தது.

வேறொரு பெரிய டிஸ்க்கில் அப்படியே நகல் எடுத்தான். டிடிரெஸ்க்யூ என்று இலவச மென்பொருள். நன்றாகப் படிக்கிற இடங்களை முதலில் வாரிக்கொள்ளும். தடுக்கும் இடத்தில் நின்று மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகும். எல்லாம் முடிந்தபின் திரும்பி வந்து விட்ட இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுக்கும். எனக்கு உயிர் வந்த இடம் எது தெரியுமா? எதுவரை படித்தோம் என்று தனியாக ஒரு கணக்குக் கோப்பு எழுதி வைக்கிறது. கரண்ட் போனால் போகட்டும், வந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 320 ஜிபி டிஸ்க். பதினோரு நாள் ஆயிற்று. வெறும் கையோடு காத்திருந்தேன், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவன் மாதிரி.

நகல் வந்தபின்தான் தேடல். கோப்புகளின் பெயரும் இடமும் எழுதியிருந்த அட்டவணை பாதி சிதைந்திருந்தது. போட்டோரெக் என்ற இன்னொன்றை ஓடவிட்டான். அது பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாளத்தைத் தேடிப் பிடிக்கிறது. ஆகவே படங்களும் பதிவுகளும் வந்தன, பெயர்கள் வரவில்லை. எல்லாம் எண்கள். படங்களுக்குள்ளே எடுத்த தேதி இருந்ததால் அடுக்கிவிட்டேன். ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் யார் என்று தெரியும். இத்தனை வருடம் "கேட்கவேண்டும்" என்று வைத்திருந்தவை. இரண்டு வாரம் உட்கார்ந்து கேட்டேன். யார் யாரோ பேசினார்கள், அநேகம் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான்காம் நாள் உங்கள் ஆத்தா. இருமிவிட்டு, "தம்பி, மொகிங்கா சாப்பிட்டு எத்தனை வருசமாச்சு" என்று நம் பர்மா மீன்குழம்பு நூடுல்ஸை நினைத்துத் தொடங்குகிறாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது, பிறகு எல்லையிலிருக்கும் தமு, மணிப்பூர்ப் பக்கத்துப் பாலேல் வழியாக இம்பாலுக்கு நடந்தது, வழியில் ஒரு பொட்டலம் அரிசிக்குத் தாலிக்கொடியில் இருந்த குண்டுமணிகளை அவள் அம்மா கொடுத்தது, எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் பள்ளம். அந்த ரெக்கார்டர் ஒரு வினாடிப் பேச்சை ஏறக்குறைய 88 ஆயிரம் பைட்டாக எழுதியது. டிஸ்க்கில் ஒரு செக்டர், அதாவது எழுதும் ஒரு சிறு கட்டம், 512 பைட். ஐந்நூறு செக்டருக்குச் சற்று மேல் படிக்கவே முடியவில்லை, அங்கே வெறும் பூஜ்யம். கேட்டால் மூன்று வினாடி மௌனம்.

அது எங்கே விழுந்தது தெரியுமா? "பாலேலுக்கு முன்னாடி மலை இறக்கத்துல எங்க சின்னவன்..." அதோடு நின்று, மௌனம், பிறகு "...மரத்தடியில விட்டுட்டு வந்தோம்." ஆத்தாவின் தம்பி, அந்தப் பையனின் பெயர் அங்கே இருந்தது. எனக்கு நினைவில்லை. அன்று கேட்டேன், எழுதிவைக்கவில்லை.

அடுத்த மாதம் சென்னை வருகிற ஒருவர் கையில் ஒரு பென்டிரைவ் கொடுத்தனுப்புகிறேன். இங்கே இரண்டு நகல் தனித்தனி வீட்டில் வைத்திருக்கிறேன். நீ ஆத்தா குரலைக் கேட்டுவிட்டு, உனக்கோ அக்காவுக்கோ அந்தச் சித்தப்பா... இல்லை, அந்தத் தாய்மாமன் பெயர் தெரிந்தால் எழுது. கோப்புக்கு அந்தப் பெயரையே வைக்கிறேன்.

அன்புடன்,
உன் ரங்கூன் கூட்டாளி