ஈயத்தை ஆர்சனிக் என்று காட்டும் கருவி: புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் ஆர்சனிக் அளவு தவறாக வருவது குறித்து

ஐயா,

உங்களிடம் வாங்கிய கருவியின் மென்பொருளைச் சென்ற மாதம் உங்கள் பொறியாளர் புதுப்பித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து மண் மாதிரிகளில் ஆர்சனிக் கூடுதலாக வருகிறது. ஈயம் மிகுந்த மண்ணில் மட்டும்தான் இந்தக் கோளாறு. அதனால்தான் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆகிவிட்டது.

எக்ஸ்-கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்களில் கதிரை உமிழும்; அவையே நிறமாலையில் கோடுகளாகத் தெரியும். ஆர்சனிக்கின் கே-ஆல்பா என்ற கோடு 10.54 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழுகிறது. ஈயத்தின் எல்-ஆல்பா 10.55இல். இரண்டும் ஒரே முகடாகத்தான் தெரியும். 12.6 அருகே தனித்து நிற்கும் ஈயத்தின் எல்-பீட்டா கோட்டை வைத்து ஈயத்தின் பங்கைக் கணித்துக் கழித்த பிறகு மிஞ்சுவதே ஆர்சனிக். இந்தக் கழித்தல்தான் இப்போது கெட்டிருக்கிறது.

சோதித்துவிட்டே சொல்கிறேன். அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. தரும் 2711ஏ என்ற ஒப்பீட்டு மண்ணில் சான்றளிக்கப்பட்ட அளவு, கிலோவுக்கு ஈயம் 1400 மில்லிகிராம், ஆர்சனிக் 107. கருவி ஈயத்தைச் சரியாகச் சொன்னது. ஆர்சனிக்கை 190 என்றது. கிண்ணத்தைத் திருப்பி வைத்து, அடிப்படலத்தை மாற்றி, ஏழு முறை அளந்தேன். 185க்குக் கீழே இறங்கவில்லை. ஈயம் வெறும் 17 உள்ள, அதே நிறுவனத்தின் 2709ஏ மண்ணிலோ ஆர்சனிக் 10.5க்குப் பதில் 11 வந்தது. உணரி பழுதென்றால் இரண்டிலும் அல்லவா தவறியிருக்க வேண்டும்?

உங்கள் பொறியாளர் தூய சிலிக்காவை வைத்து அளந்து, "கருவி நன்றாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தார். ஈயமே இல்லாத பொருளில் இந்தப் பிழை எப்படித் தெரியும்? மாதிரி ஈரமாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். நாங்கள் உலர்த்தி, 250 மைக்ரான் சல்லடையில் சலித்த பிறகே அளக்கிறோம். ஈரம் இருந்தாலும் அளவு குறையுமே தவிர ஏறாது. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் வருத்தம்.

குழந்தைகள் விளையாடும் திடல் ஒன்றின் மண் அறிக்கையை இந்த எண்களோடு கொடுத்துவிட்டோம். அங்கிருப்பவர்களிடம் போய், அந்த எண் தவறு என்று நானேதான் சொன்னேன். மூன்று வாரத்து மாதிரிகள் அனைத்தையும் மறுபடி அளக்க வேண்டும்.

பழைய மென்பொருளை உடனே திருப்பி நிறுவுங்கள். ஈயத்தின் பங்கைக் கழிக்கப் பயன்படும் எண்ணான ஈயத் திருத்தக் கெழு முன்பு என்ன, இப்போது என்ன என்பதை எழுத்தில் தாருங்கள். இதே புதுப்பிப்பைப் பெற்ற மற்ற ஆய்வகங்களுக்கும் இந்த வாரமே தெரிவியுங்கள். இரு மண்ணின் நிறமாலைக் கோப்புகளையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்