வியர்வையைப் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

உள்ளாடைகளும் விளையாட்டுப் பனியன்களும் தைத்து விற்கும் எங்களிடம் தாங்கள் ஓயாமல் கேட்பவை மூன்று கேள்விகள்: வியர்க்காத துணி உண்டா, துவைத்த பின்னும் அக்குள் பகுதியில் வாடை ஏன் நிற்கிறது, மஞ்சள் கறை எங்கிருந்து வருகிறது. விற்பனை மேசையில் நின்றபடி இவற்றுக்கு அரைகுறையாக விடை சொல்வது எங்களுக்கே மனநிறைவைத் தரவில்லை. வியர்வைச் சுரப்பி உடலில் எவ்வாறு வேலை செய்கிறது என்பது விளங்கிவிட்டால் மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும் என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

மனிதத் தோலில் ஏறத்தாழ 20 முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எக்ரின் என்னும் வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய குழல். அதன் அடிப்பகுதி தோலின் உள்ளடுக்கில் நூற்கண்டு போலச் சுருண்டு கிடக்க, மேற்பகுதி எழும்பி வந்து தோலின் பரப்பில் ஒரு துளையாகத் திறக்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இவை மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி கையில் இருந்தால் விரல் நுனியைப் பாருங்கள்: ரேகைகளின் மேட்டு முகட்டில் மட்டும் துளைகள் வரிசையாக இருப்பதையும், அவற்றிலிருந்து மணிமணியாக நீர் துளிர்ப்பதையும் காணலாம், மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் துளை இருக்காது. மருத்துவர்கள் இதைப் பார்க்க வேறொரு வழியைக் கையாளுகிறார்கள். 1928-இல் மைனர் என்ற நரம்பியல் மருத்துவர் விவரித்த அந்தச் சோதனையில், தோலில் அயோடின் கரைசலைத் தடவி உலரவிட்டு, மேலே மாவுப்பொடியைத் தூவுவார்கள். வியர்வை கசியும் இடமெல்லாம் கருநீலப் புள்ளியாக மாறும்.

இந்தச் சுரப்பிகளுக்குக் கட்டளை மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியிலிருந்து வருகிறது. இரத்தத்தின் வெப்பமும் தோலின் வெப்பமும் ஏறுவதை உணர்ந்தவுடன் அது நரம்புகளின் வழியே செய்தி அனுப்ப, நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டு, சுருண்ட பகுதி உப்புநீரைச் சுரக்கத் தொடங்குகிறது. சுரக்கும் நேரத்தில் அந்நீர் இரத்த நீரைப் போலவே உப்பானது. ஆனால் குழலில் மேலே ஏறிவரும்போது அதன் சுவர் சோடியத்தையும் குளோரைடையும் பெருமளவு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உடல் தன் உப்பை இவ்வளவு சிக்கனமாகக் காப்பது எங்களுக்கு இன்றும் வியப்பளிக்கிறது. வியர்வை மெல்ல வந்தால் உறிஞ்சிக்கொள்ள நேரம் கிடைக்கும். வெள்ளமாகப் பெருகினால் கிடைக்காது. கடும் பயிற்சிக்குப் பிறகு கறுப்புப் பனியனில் வெள்ளைக் கோடுகளாகப் படிந்திருப்பது அப்படித் தப்பி வந்த உப்புதான். சாயம் போய்விட்டதாக எண்ண வேண்டாம். வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து உழைத்துப் பழகியவருக்கு வியர்வை முன்னதாகவே தொடங்கி மிகுதியாக வரும், உப்பும் குறையும்.

வியர்த்தால் மட்டும் உடல் குளிர்ந்துவிடாது; அது ஆவியாக வேண்டும். தோலின் மேலிருந்து ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்குகிறது. சொட்டிக் கீழே விழும் துளியால் அந்தப் பயன் கிடைப்பதில்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் உடல் நனைந்தும் புழுக்கம் தீராததற்கு இதுவே காரணம். ஆகவே வியர்க்காத துணி என்று ஒன்றை நாங்கள் தைக்கவும் மாட்டோம், அப்படிச் சொல்லி விற்கவும் மாட்டோம். பருத்தி ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் உலர நேரமாகும். ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் விரைவில் உலரும் பாலியஸ்டர் துணியே ஏற்றது.

இனி வாடைக்கு வருவோம். எக்ரின் சுரப்பியின் நீருக்கு அநேகமாக மணமே இல்லை. அக்குளிலும் தொடையிடுக்கிலும் அப்போக்ரின் என்ற வேறொரு வகைச் சுரப்பிகள் உண்டு. அவை முடியின் வேர்க்குழியில் திறப்பவை, பூப்புப் பருவத்தில்தான் வேலையைத் தொடங்குபவை. புரதமும் கொழுப்பும் கலந்த அவற்றின் சுரப்பும் புதிதாக வரும்போது மணமற்றதே. தோலில் வாழும் கோரினிபாக்டீரியம் போன்ற நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. இது தூய்மைக் குறைவின் அடையாளம் என்று எண்ணிக் கூச்சப்படுவோரைப் பார்க்கும்போது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. பிறவியிலேயே ஒரு மரபணு மாறுபாட்டால் இந்த வாடை ஏறக்குறைய இல்லாதவர்களும் உண்டு, கிழக்காசிய மக்களில் பலர் அவ்வாறானவர்கள். பாலியஸ்டர் இழை எண்ணெய்ப் பசையை இறுகப் பிடித்துக்கொள்வதால் வாடையும் அதில் பருத்தியைவிட நெடுநேரம் தங்குகிறது.

டியோடரண்ட் நுண்ணுயிரிகளைக் குறைக்கிறது, அல்லது வாடையை மறைக்கிறது. வியர்வைத் தடுப்பான் என்று விற்கப்படுவதில் உள்ள அலுமினிய உப்போ துளையின் வாயைத் தற்காலிகமாக அடைக்கிறது. அந்த உப்பு வியர்வையோடும் தோலின் கொழுப்போடும் கலந்து துணியில் ஊறுவதே பெரும்பாலும் மஞ்சள் கறைக்குக் காரணம்.

காரணமின்றி மிகையாக வியர்ப்பவர்களும், இரவில் படுக்கை நனையும் அளவுக்கு வியர்ப்பவர்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடும் வெப்பத்தில் ஒருவரின் உடல் கொதித்து, பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ, வியர்வை இருந்தாலும் நின்றிருந்தாலும் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, நீரால் உடலைக் குளிர்வித்தபடியே மருத்துவ உதவியை அழையுங்கள்.

எங்கள் ஆடைகளைப் பொறுத்தவரை வேண்டுவது சிறிது கவனமே. வியர்வைத் தடுப்பானைப் பூசினால் அது நன்கு உலர்ந்த பிறகு ஆடையை அணியுங்கள். கழற்றிய ஆடையை ஈரத்தோடு சுருட்டிக் கூடையில் போடாமல் அன்றே தண்ணீரில் அலசி, உட்புறத்தை வெளியே திருப்பித் துவையுங்கள். மஞ்சள் கறைக்குக் குளோரின் பிளீச்சைப் பயன்படுத்த வேண்டாம். அது கறையை இன்னும் அழுத்தமாக்கிவிடக்கூடும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
நிறுவனத்தார்