தேர் திரும்பும் இடம்: பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவைப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேர் எனக்குச் சித்தப்பா, மாமா முறை. நேரில் பேசலாமே, ஊரறிய மடல் எதற்கு என்று கேட்பீர்கள். நம் தலித் குடும்பங்கள் இருக்கும் கீழத்தெருவுக்குள்ளும் மாதா தேர் போக வேண்டும் என்று நேரில் மூன்று முறை பேசிவிட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்தான் வந்தது: "திருவிழா அமைதியா நடக்கட்டும் தம்பி, அப்புறம் பார்க்கலாம்." இன்னும் சில வாரங்களில் மறுபடி கொடியேற்றம் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் தேர்பவனி அன்று காலை, கீழத்தெருப் பாட்டி ஒருவர் கடைவாசலில் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏய்யா, ராத்திரி மாதா எத்தனை மணிக்குத் திருப்பத்துக்கு வருவாங்க?" தெருவுக்கு என்று அவர் கேட்கவில்லை. எழுபது வயதில் ஒருமுறைகூட மாதா அவர் தெருவுக்குள் வந்ததில்லை. இரவு பதினொன்றரை மணிக்கு நாங்கள் தேரைத் தூக்கிக்கொண்டு போனபோது மின்கம்பத்தடியில் நின்றிருந்தார். கையில் எவர்சில்வர் தட்டு, அதில் உப்பும் மிளகும் ஒரு மெழுகுவர்த்தியும். மெழுகு உருகி விரலில் வழிந்து காய்ந்திருந்தது. வெகுநேரமாக நின்றிருக்க வேண்டும். 30 அடி தள்ளியே நாங்கள் தேரைத் திருப்பிவிட்டோம். நின்ற இடத்திலிருந்தே அவர் உப்பையும் மிளகையும் அள்ளி எறிந்தார். பாதி ரோட்டில்தான் விழுந்தது. முன்பக்கம் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு முன்னால் அதே இடத்தில் தோள் கொடுத்தவர் என் அப்பா.

கீழத்தெருவில் நாம் திருவிழா வரி வாங்குவதில்லை. ஏழைகள் என்பதால் விட்டுவிடுகிறோம் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்கிறோம். உண்மை அதுவல்ல என்று நம் எல்லோருக்கும் தெரியும். வரி கொடுத்தால் தேரில் உரிமை கேட்பார்கள். இறந்தவர்களைக் கல்லறைக்குக் கொண்டுபோகும் தூம்பாவும் ஊருக்குள் இரண்டு. இரண்டு கல்லறைத் தோட்டம், நடுவில் முள்வேலி. நவம்பர் 2 அன்று சாமி வேலிக்கு இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை மந்திரிக்கிறார். எனக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் வேலிக்கு அந்தப் பக்கம்தான் கிடக்கிறார். அவர் கல்லறையில் நம் தெருவிலிருந்து யாராவது ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறோமா?

ஆகஸ்ட் 10 அன்று நம் கோயில் வாசலிலும் கறுப்புக் கொடி ஏற்றுகிறோம். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலினத்தில் சேர்க்காமல் விட்டது அநியாயம் என்று முழக்கம் போடுகிறோம். நியாயமான கோரிக்கைதான், நானும் போடுகிறேன். மதம் மாறினாலும் சாதிக்கொடுமை விடவில்லை என்பதுதானே அந்தக் கோரிக்கையின் அடிப்படை? அந்தக் கொடுமை நடக்கும் இடங்களில் நம் பங்கும் ஒன்று.

திருச்சபை இதில் என்ன சொல்கிறது என்று தெரியாதவர்கள் இல்லை நாம். 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே இதைப் பற்றிக் கண்டித்துப் பேசினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்கள் மேம்பாட்டுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டு, சபைக்குள் சாதி இருப்பதை ஒப்புக்கொண்டது. அதையெல்லாம் விடுங்கள், திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்வோம். 1872இல் அங்கே கட்டிய கோயிலுக்கு ஒரே பீடம், அதிலிருந்து இரண்டு கால்கள் மாதிரி பிரிந்து போகும் இரண்டு மண்டபங்கள். ஒன்றில் வெள்ளாளர், இன்னொன்றில் நாடார். ஒரே பூசை, ஒரே நற்கருணை, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அன்றைக்கு அதைக் கட்டியவர்களும் ஊர் அமைதிக்காகத்தான் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பக்கத்தையும் பிரித்த தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். நூறு வருடத்துக்கு முன்பே ஒரு ஊரில் முடிந்துபோன விஷயத்தை நாம் இன்னும் பேசக்கூடத் தொடங்கவில்லை.

கலவரம் வரும் என்று பயப்படுகிறீர்கள். எறையூரில் 2008 மார்ச்சில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே நடந்த சாதி மோதலையும், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்ததையும் சொல்கிறீர்கள். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் உட்கார்ந்து பேசாமல் விட்டதுதான் அங்கே அப்படி வெடித்தது என்று நான் நினைக்கிறேன். நாமும் விட்டுவைத்தால் ஒருநாள் தாசில்தார் ஆபீசில் போலீஸ் முன்னால் உட்கார்ந்து சமாதானம் பேசுவோம். அதற்கு முன்னால் கோயில் திண்ணையில் நாமே பேசிவிடலாம். பூசையில் ஒருவருக்கொருவர் அமைதி சொல்லும்போது நான் இப்போதெல்லாம் கவனிக்கிறேன். நாம் கை கூப்பித் திரும்புவது பக்கத்துப் பெஞ்சு வரைக்கும்தான். கடைசி வரிசைகள் பக்கம் யாரும் திரும்புவதில்லை.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்பதுதானே ஆண்டவர் சொன்னது. அவனை வரச் சொல் என்று சொல்லவில்லை, நீ போ என்றார். கொடியேற்றத்துக்கு முன்னால் பேரவைப் பெரியவர்கள் கீழத்தெருவுக்குப் போங்கள். அங்குள்ள அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிச் செபிக்கும் குழுவில், ஒருநாள் உட்காருங்கள், அவர்கள் கொடுக்கும் காப்பியைக் குடியுங்கள், எல்லா வீட்டிலும் ஒரே வரியை வாங்குங்கள். கல்லறைத் தோட்டத்து வேலிக்குக் கொஞ்ச காலம் ஆகலாம், சரி. தூம்பாவை நாளைக்கே ஒன்றாக்கலாம். தேர் இந்த வருடமே உள்ளே போக வேண்டும்.

கீழத்தெரு குறுகல், தேர் நுழையாது என்று போன கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார். போன ஞாயிறு நானும் என் மகனும் டேப் வைத்து அளந்தோம். தேர் 7 அடி, தெரு 11 அடி. குழாயடித் திட்டு நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் 9 அடி. தாராளமாகப் போகும்.

இப்படிக்கு,
உங்கள் பங்கைச் சேர்ந்தவன்