பழைய கணக்கு நோட்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. கடைசி வரியில், தொழில் பணத்தைக் கையாடிய என் பழைய கூட்டாளியைப் பற்றி, "அவனை மன்னித்துவிட்டாயா?" என்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாளாயிற்று.

சென்ற மாதம் அலமாரியை ஒழிக்கும்போது எங்கள் கூட்டுத் தொழிலின் கணக்கு நோட்டு அகப்பட்டது. ஏழு என்ற எண்ணின் குறுக்கே அவன் வழக்கமாகப் போடும் சிறு கோட்டைக் கண்டதும் வயிறு இறுகியது. மன்னித்தாயிற்று என்று நானே முடிவு செய்து மூன்று ஆண்டுகளான பிறகும் இப்படியா என்று வெட்கமாக இருந்தது. ஆனால் முன்பென்றால் இரண்டு நாள் தூக்கம் போயிருக்கும். அன்று அரை மணி நேரத்தில் விட்ட வேலையைத் தொடர்ந்தேன். மீண்டுவிட்டேனா என்பதை இப்போதெல்லாம் இப்படித்தான் அளக்கிறேன்.

பழிதீர்க்க மாட்டேன் என்று முடிவெடுப்பது வேறு, மனக்கசப்பு மாறுவது வேறு என்கிறார் உளவியலாளர் எவரெட் வொர்திங்டன். தாயைக் கொலைக்குப் பறிகொடுத்தவர் சொல்வதை ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ள முடியவில்லை.

இன்னொரு உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம்மை உலுக்கிய நிகழ்வைப் பற்றி நாளுக்கு 15 நிமிடமாக நான்கு நாள் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனம் கனத்தாலும், நடந்ததோடு உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். நானும் எழுதிப் பார்த்தேன். முதல் இரண்டு நாளும் வெறும் குற்றப்பத்திரிகை. மூன்றாம் நாள், படித்துப் பார்க்காமலே தாள்களில் கையெழுத்துப் போட்டவன் நான்தான் என்று எழுதினேன். அவன் செய்த துரோகம் அதனால் குறைந்துவிடவில்லை, ஆனால் என்மேல் எனக்கே இருந்த கோபத்தையும் அவன் கணக்கில் எழுதி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புலப்பட்டது.

ஆகவே மன்னித்துவிட்டேன் என்றுதான் சொல்வேன். அதற்காக அவனோடு மறுபடி தொழில் செய்ய மாட்டேன். கையாடியவனிடமே சாவியைக் கொடுப்பதற்குப் பெயர் மன்னிப்பு அல்ல. "போனால் போகட்டும், விடு" என்று உன்னை அவசரப்படுத்துகிறவர்களுக்காக, நீ கசப்பில் பேசாமல் இருக்கும் உன் அண்ணனிடம் பேசிவிடாதே. உனக்குத் தோன்றும்போது பேசு.

நோட்டை நான் எறியவில்லை. பின்பக்கம் வெற்றுத் தாள்கள் நிறைய மிஞ்சியிருந்தன. இந்தக் கடிதமும் அதில் கிழித்த தாளில்தான்.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழன்